கோழி யாருடையது, நட்டம் யாருடையது: ஐயாயிரம் கறிக்கோழிப் பண்ணையின் வரவு செலவு

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை வரை சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீளநீளமான கோழி ஷெட்டுகள் தெரியும். தாழ்ந்த கூரையும் பக்கவாட்டில் கம்பி வலையும் வெயிலுக்கும் சாரலுக்கும் ஏற்றி இறக்கும் படுதாவுமாக எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். நிலமும் ஷெட்டும் தண்ணீரும் மின் இணைப்பும் அந்தந்த விவசாயிகளுடையவை. உள்ளே இருக்கும் கோழிகள் பெரும்பாலும் அவர்களுடையவை அல்ல. கோழிப்பண்ணை தொடங்கினால் எவ்வளவு லாபம் கிடைக்கும் என்று கேட்பவர்கள், அந்தக் கோழி யாருடையதாக இருக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். முதலீடும் வருமானமும் இழப்பும் அந்த ஒரு முடிவைப் பொறுத்தே அடியோடு மாறிவிடுகின்றன.

இந்தப் பகுதியில் ஒப்பந்த வளர்ப்பு முறை 1990களின் தொடக்கத்தில் வேரூன்றியது. உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனத்தின் வளர்ச்சியோடு சேர்ந்தே அது பரவியது. குஞ்சு, தீவனம், மருந்து, தடுப்பூசி, மேற்பார்வையாளர் ஆகிய அனைத்தையும் நிறுவனம் தரும். விவசாயி இடமும் உழைப்பும் தந்து, கோழியை எடைக்குக் கொண்டுவந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி பெறுவார். அதற்கு முன்பு குஞ்சையும் தீவனத்தையும் கடனில் வாங்கி வளர்த்து, விலை சரிந்த பருவத்தில் நிலத்தையே இழந்த சிறு பண்ணையாளர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

ஐயாயிரம் கோழிக்கான ஷெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கம் திறந்த ஷெட்டில் ஒரு கறிக்கோழிக்கு 1 முதல் 1.2 சதுர அடி இடம் வேண்டும் என்பதால் 6,000 சதுர அடி தேவைப்படும். அகலம் 24 அடி, நீளம் 250 அடி என்று வைத்துக்கொள்ளலாம். அகலத்தை இதற்கு மேல் கூட்டினால் காற்று ஊடுருவாமல் நடுப்பகுதியில் அம்மோனியா நெடி தங்கிவிடும். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைய வேண்டும். இல்லாவிட்டால் காலை வெயிலும் மாலை வெயிலும் ஷெட்டுக்குள் நேராக விழுந்து, கோழிகள் ஒரு பக்கமாகக் குவிந்து நசுங்கும். கட்டிய பிறகு திசையை மாற்ற முடியாது. இருக்கிற நிலத்தின் வாக்குக்கு ஏற்றபடி வடக்கு தெற்காகக் கட்டிவிட்டு ஒவ்வொரு கோடையிலும் தவிப்பவர்கள் உண்டு.

கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. அவரவர் ஊரின் இன்றைய விலையை இட்டு மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் போக்கு மாறாது. கட்டுமானம் சதுர அடிக்கு 300 ரூபாய் என்றால் ஷெட்டுக்கு 18 லட்சம் ஆகும். தீவனத் தட்டு, கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாய், குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடர், படுதா, நீர் தெளிப்பான் ஆகியவற்றுக்குக் கோழிக்கு 50 ரூபாய் வீதம் இரண்டரை லட்சம். ஆழ்துளைக் கிணறு, தொட்டி, மின் இணைப்பு, லாரி வந்து திரும்பும் பாதை ஆகியவற்றுக்கு இன்னொரு இரண்டரை லட்சம். நிலத்தின் மதிப்பைச் சேர்க்காமலே 23 லட்சம் ரூபாய் போட்ட பிறகுதான் முதல் குஞ்சு ஷெட்டுக்குள் இறங்கும்.

இனி ஒரு பேட்ச்சின், அதாவது ஒரே சமயத்தில் இறக்கி வளர்க்கும் ஒரு தொகுதியின், வரவைப் பார்ப்போம். ஐயாயிரம் குஞ்சில் 5 சதவீதம் இறந்தால் 4,750 கோழி மிஞ்சும். சராசரி எடை 2 கிலோ என்றால் மொத்தம் 9,500 கிலோ. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு 6.50 ரூபாய் என்றால் 61,750 ரூபாய் கிடைக்கும். இதிலிருந்து தரையில் பரப்பும் தேங்காய் நார்க் கழிவு அல்லது உமி, முதல் பத்து நாட்கள் குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கரி அல்லது கேஸ், மின்கட்டணம், சுண்ணாம்பு, கிருமிநாசினி, சில்லறைப் பழுது என்று 25,000 ரூபாய் போய்விடும். கோழி போன பின் வாரி விற்கும் எருவுக்கு 10,000 ரூபாய் வரும். மிச்சம் 46,750 ரூபாய். குஞ்சு இறங்கி 40 நாளில் கோழி பிடித்து, ஷெட்டைக் கழுவி, இரண்டு வாரம் காயவிட்டு மறுபடி குஞ்சு இறக்கினால் ஆண்டுக்கு 6 பேட்ச் தாராளமாக எடுக்கலாம். அப்போது ஆண்டு வருமானம் 2,80,500 ரூபாய் ஆகும்.

இந்தத் தொகையில் உழைப்புக்குக் கூலி கழிக்கப்படவில்லை. ஐயாயிரம் கோழியைக் கவனிக்க ஒரு கணவன் மனைவி பண்ணையிலேயே தங்க வேண்டும். அவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் என்றாலும் ஒரு பேட்ச்சுக்கு 30,000 ஆகிவிடும். உரிமையாளர் கையில் நிற்பது 16,750 ரூபாய்தான். ஆண்டு முழுவதற்கும் ஒரு லட்சம். போட்ட 23 லட்சத்தை வங்கியில் வைத்திருந்தாலே இதைவிடக் கூடுதலாக வட்டி வந்திருக்கும். ஆகவே வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஆள் வைத்து ஒப்பந்தப் பண்ணை நடத்தலாம் என்ற எண்ணம் இந்த அளவில் சரிப்படாது. ஒப்பந்தப் பண்ணையின் லாபம் என்று ஊரில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி அந்தக் குடும்பத்தின், குறிப்பாக அந்த வீட்டுப் பெண்களின், கணக்கில் ஏறாத உழைப்பே என்பது என் கருத்து.

கடன் வாங்கிக் கட்டுபவருக்கு நெருக்கடி இன்னும் கூடும். 23 லட்சத்தில் 15 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 7 ஆண்டுத் தவணைக்கு வாங்கினால் மாதம் ஏறத்தாழ 25,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 3 லட்சம் கட்ட வேண்டும். குடும்பமே பாடுபட்டாலும் வருவது 2,80,500. அதுவும் 6 பேட்ச் முழுமையாகக் கிடைத்தால்தான். சந்தை மந்தமானால் நிறுவனங்கள் குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடும். ஷெட் கழுவிக் காய்ந்து ஒரு மாதம் சும்மா கிடந்தால் ஆண்டுக்கு 5 பேட்ச்தான் தேறும். அந்த ஒரு பேட்ச்சின் 46,750 ரூபாய் இழப்பு எந்த ரசீதிலும் நட்டம் என்று எழுதப்படுவதில்லை. கோழியின் விலை இறங்கினால் விவசாயிக்குப் பாதிப்பு இல்லை என்று சொல்லப்படுவது முழு உண்மை அல்ல. நேராக வராத பாதிப்பு, காலி ஷெட்டின் வழியாக வந்து சேருகிறது.

வளர்ப்புக் கூலி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதை ஒப்பந்தம் போடும் முன் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கோழி பிடித்து முடிந்ததும் நிறுவனம் ஒரு கணக்குச் சீட்டு தரும். இறக்கிய குஞ்சு, தின்ற தீவனம், போட்ட மருந்து ஆகியவற்றுக்கு நிறுவனமே வகுத்த விலையை இட்டு, மொத்தத்தைக் கோழியின் எடையால் வகுத்து, ஒரு கிலோவின் உற்பத்திச் செலவு இவ்வளவு என்று அந்தச் சீட்டு காட்டும். அது நிர்ணயித்த அளவுக்குக் கீழே வந்தால் ஊக்கத்தொகை, மேலே போனால் பிடித்தம். குஞ்சின் தரமும் தீவனத்தின் தரமும் நிறுவனத்தின் கையில் இருக்க, அவற்றின் விளைவு மட்டும் விவசாயியின் கூலியில் பிரதிபலிக்கிறது. மெலிந்த குஞ்சு வந்தாலும், தீவன மூட்டையில் ஏதோ மாறியிருந்தாலும், அதை நிரூபிக்கும் வசதி பண்ணையில் இல்லை. கூலியை உயர்த்தக் கோரிப் பண்ணையாளர்கள் பலமுறை குஞ்சு இறக்க மறுத்துப் போராடியிருப்பதன் பின்னணி இதுதான். மேலே போட்ட கணக்கில் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினால் ஆண்டுக்கு 57,000 ரூபாய் கூடும். வங்கித் தவணை நிற்குமா, தவறுமா என்பதை அந்த ஒரு ரூபாய் தீர்மானிக்கிறது.

அப்படியானால் சொந்தக் குஞ்சு வாங்கி வளர்க்கலாமே என்று தோன்றும். அதே ஷெட், அதே 5,000 கோழி. குஞ்சு ஒன்று 40 ரூபாய் என்றால் 2 லட்சம். ஒரு கிலோ உயிர் எடைக்கு 1.65 கிலோ தீவனம் என்றால் 9,500 கிலோவுக்கு 15,675 கிலோ தீவனம். கிலோ 42 ரூபாய் வீதம் 6,58,350 ரூபாய். மருந்து, தடுப்பூசி 30,000. கூலியும் பராமரிப்பும் 55,000. மொத்தம் 9,43,350 ரூபாய், அதாவது கிலோவுக்கு 99 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். பண்ணை விலை 110 ரூபாய் இருந்தால் ஒரே பேட்ச்சில் ஒரு லட்சம் லாபம். அது 80 ரூபாயாக இருந்தால் 1,83,350 ரூபாய் நட்டம். ஒரு மோசமான பேட்ச், ஏறத்தாழ இரண்டு நல்ல பேட்ச்சின் லாபத்தைத் தின்றுவிடும்.

செலவில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தீவனம் என்பதையும், ஒவ்வொரு 40 நாளுக்கும் ஒன்பதரை லட்சம் ரூபாய் நடைமுறை மூலதனம் தேவைப்படுகிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ஷெட் கட்டுவதற்கே கைப்பணம் முழுவதையும் செலவழித்துவிட்டுத் தீவனத்தைக் கடைக்காரரிடம் கடனாக எடுப்பவர், கோழியையும் அந்தக் கடைக்காரர் சொல்லும் வியாபாரிக்கே கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். பெயரளவில் சொந்தக் கோழி, நடப்பில் மறுபடியும் பிறர் கோழி.

தீவன விலை வெளியுலகத்தோடு கட்டுண்டது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்தது சோயாப் புண்ணாக்கு. 2021இல் சோயா விலை கட்டுக்கடங்காமல் ஏறியபோது, மரபணு மாற்றச் சோயாவிலிருந்து எடுத்த புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. பிறகு எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தைப் பெருமளவில் வாங்கத் தொடங்கின. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்ததும் அந்தத் தேவை இன்னும் கூடியது. மக்காச்சோளம் பயிரிடும் விவசாயிக்கு அது நல்ல செய்திதான். கோழி வளர்ப்பவருக்குத் தீவனம் கிலோவுக்கு 2 ரூபாய் ஏறினால் ஒரு பேட்ச்சுக்கு 31,350 ரூபாய் கூடுதல் செலவு.

விற்பனை விலையோ அன்றாடம் மாறுவது. கறிக்கோழியின் பண்ணை விலையைப் பல்லடத்தில் இயங்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் அறிவிக்கிறது. 40 நாள் தாண்டிய கோழியை வைத்துக்கொண்டு நல்ல விலைக்குக் காத்திருக்கவும் இயலாது. ஒவ்வொரு நாளும் அது கூடுதலாகத் தின்னும், எடை ஏறும் வேகமோ குறையும், சில்லறைக் கடைக்காரர் பெரிய கோழியைத் தட்டிக் கழிப்பார். ஆகவே விலையைப் பற்றிய முடிவு விற்கும் நாளில் எடுக்கப்படுவதில்லை, குஞ்சு இறக்கும் நாளிலேயே எடுக்கப்படுகிறது. ஆவணியில் இறக்கிய குஞ்சு புரட்டாசியில் எடைக்கு வரும். அந்த மாதம் பாதி ஊர் கவுச்சி தொடாது. புரட்டாசியில் துணிந்து இறக்கியவருக்குத் தீபாவளிச் சந்தை கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை மாலையும், தை மாதத்தில் பழனிப் பாதயாத்திரையும் தேவையைக் குறைக்கும். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த சரிவுகள். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோதும், 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தி பரவியபோதும் வந்த சரிவை யாராலும் கணித்திருக்க முடியாது. 2020இல் இங்கே நோயே இல்லாத பண்ணைகளில் உற்பத்திச் செலவில் பாதிகூடக் கிடைக்காமல் கோழிகளைக் கொடுத்தார்கள்.

விலை நம் கையில் இல்லை என்றானபின் எஞ்சுவது வளர்ப்பின் நுணுக்கம். லாபம் உண்மையில் இங்கேதான் உருவாகிறது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனத்தின் அளவு, அதாவது தீவன மாற்று விகிதம், 1.65இலிருந்து 1.75 ஆனால் ஒரு பேட்ச்சில் 950 கிலோ தீவனம், 39,900 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். ஒப்பந்தப் பண்ணையில் அதே வித்தியாசம் ஊக்கத்தொகையைப் பிடித்தமாக மாற்றிவிடும். இந்த 0.1 எங்கே தொலைகிறது? தீவனத் தட்டைத் தளும்ப நிரப்பினால் கோழி கிளறிக் கீழே கொட்டும். பாதி அளவுக்கு நிரப்பி, தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கும்படி நாளுக்கு நாள் உயர்த்திக்கொண்டே வர வேண்டும். முதல் வாரம் புரூடருக்கு அடியில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்குக் கரி அணைந்து குஞ்சுகள் குவிந்தால், நசுங்கிச் சாவது பத்துதான் என்றாலும் மற்றவற்றின் வளர்ச்சி பின்தங்கும். அது 40ஆம் நாள் எடைத் தராசில்தான் தெரியும். தரைப் பரப்பு நனைந்து கட்டிதட்டினால் ரத்தக் கழிச்சல் வரும். அதனால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இரண்டு கிலோ எட்டிய கோழிதான் முதலில் வாய் பிளந்து சாகும். அதுவரை தின்ற தீவனம் அத்தனையும் அதோடு போய்விடும். முதல் நாள் செத்த குஞ்சுக்கும் 38ஆம் நாள் செத்த கோழிக்கும் இறப்பு விகிதத்தில் ஒரே மதிப்பு, பணத்தில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு.

வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் மூடிய ஷெட்டுகள் இப்போது பரவி வருகின்றன. அவற்றில் அதே பரப்பில் கூடுதல் கோழி விடலாம், தீவன விகிதமும் குறையும். ஆனால் முதலீடு பல மடங்கு, ஜெனரேட்டர் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நடத்த முடியாது. முதல்முறை இத்தொழிலுக்கு வருபவர் அங்கே தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐயாயிரம் கோழிக்கு மேல் போனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் பெற வேண்டும் என்பதை விரிவாக்கத் திட்டம் போடும்போது மறக்கக் கூடாது.

முட்டைக்கோழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் புதியவருக்கு இடம் குறைவு. நாமக்கல் பண்ணைகள் லட்சக்கணக்கான கோழிகளோடு, சொந்தத் தீவன ஆலையோடு இயங்குகின்றன. முட்டைக்கோழி 19, 20 வாரம் வரை எந்த வருமானமும் தராமல் ஏறத்தாழ 8 கிலோ தீவனம் தின்னும். அதன்பின் நாளுக்கு 110 கிராம். தீவனம் கிலோ 30 ரூபாய், முட்டை இடும் விகிதம் 90 சதவீதம் என்றால் ஒரு முட்டையின் தீவனச் செலவு மட்டும் 3.67 ரூபாய். கோழியின் தேய்மானம், கூலி, கூண்டு, வட்டி இவற்றைக் கூட்டியபின் மிஞ்சுவது காசுகளில்தான். காசுகளில் லாபம் பார்க்க லட்சக்கணக்கில் கோழி வேண்டும். முட்டைக்கு விலை சொல்லும் உரிமை உற்பத்தியாளருக்கே வேண்டும் என்பதற்காக வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் பி.வி. ராவ் முன்னின்று 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார். இன்றும் குழு விலை அறிவிக்கிறது. ஆனால் நாமக்கல்லில் வியாபாரி அந்த விலையிலிருந்து ஒரு தொகையைக் குறைத்து, ‘மைனஸ்’ போட்டுத்தான் பல நாட்களில் வாங்குகிறார். சிறு பண்ணையாளரால் அந்த மைனஸைத் தாங்கிக்கொண்டு நெடுநாள் நிற்க முடியாது.

நாட்டுக்கோழியின் கணக்கு வேறு வகைப்பட்டது. 250 குஞ்சு, ஒன்று 35 ரூபாய் வீதம் 8,750. நான்கு மாதத்தில் 230 கோழி தலா 1.3 கிலோ எடைக்கு வந்தால் 299 கிலோ. ஒவ்வொன்றும் நாலரைக் கிலோ தீவனம் தின்றால் 1,035 கிலோ, கிலோ 38 ரூபாய் வீதம் 39,330 ரூபாய். மருந்துக்கு 2,500. ஆகக் கிலோவுக்கு அடக்க விலை 169 ரூபாய். வீட்டு வாசலில் நேராக 250 ரூபாய்க்கு விற்றால் 24,170 ரூபாய் மிஞ்சும். வியாபாரி 190 ரூபாய்க்கு மொத்தமாக எடுத்துக்கொண்டால் 6,230 ரூபாய். இடையில் இருக்கும் பதினெட்டாயிரம் ரூபாய் வளர்ப்பின் லாபம் அன்று, விற்பனையின் லாபம். அக்கம்பக்கத்து ஊர்களில் ஞாயிறுதோறும் கேட்டு வாங்கும் ஐம்பது வீடுகளை முன்பே பிடித்து வைத்திருப்பவருக்கு நாட்டுக்கோழி லாபம் தரும். ஆயிரம் கோழியை வளர்த்துவிட்டுப் பிறகு ஆள் தேடுபவர் கறிக்கோழிப் பண்ணையாளரைவிடக் கடுமையாக அடிபடுவார், ஏனென்றால் நாட்டுக்கோழிக்குத் தீவன விகிதம் இரு மடங்கு.

மேய்ச்சலும் வீட்டுச் சோறும் அரிசிக் குருணையும் சேரும் புறக்கடை வளர்ப்பில் தீவனச் செலவு பெருமளவு குறையும். அங்கே பெரிய எதிரி வெள்ளைக் கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய்; மாசி, பங்குனியில் வந்தால் ஒரு வாரத்தில் கூண்டு காலியாகும். தடுப்பூசிக்கு ஆகும் செலவோ மிகச் சொற்பம். கால்நடை பராமரிப்புத் துறையின் முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள், கோழியைப் பிடிக்க முடியாத வீடுகளுக்காகத் தீவனத்தோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. 250 கோழி அளவிலான நாட்டுக்கோழிப் பண்ணைக்குத் தமிழ்நாடு அரசு 50 சதவீத மானியம் தருகிறது. தேசிய கால்நடை இயக்கத்தில் தாய்க்கோழிப் பண்ணையும் குஞ்சு பொரிப்பகமும் சேர்ந்த திட்டத்துக்கு 25 லட்சம் ரூபாய் வரை 50 சதவீத முதலீட்டு மானியம் உண்டு. மானியம் முதலீட்டின் சுமையைக் குறைக்கும். விற்க முடியாத கோழியை விற்றுத் தராது.

பெருந்துறையை மையமாக வைத்துப் பரவிய ஈமு கோழி ஒப்பந்தங்கள் 2012இல் சரிந்ததை இங்கே நினைவுபடுத்தியாக வேண்டும். முதலீடு செய்தால் பறவையும் தீவனமும் மாதச் சம்பளமும் தருவதாகச் சொன்ன அந்தத் திட்டங்களில் ஈமு இறைச்சிக்கு உண்மையான சந்தை எதுவும் இருக்கவில்லை; புதிதாகச் சேருபவரின் பணமே பழையவருக்கு வருமானமாகப் போனது. பணம் நின்றதும் தீவனமும் நின்று, கூண்டில் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியதாயிற்று. கருங்கோழி, சண்டைச் சேவல், வான்கோழி என்று எந்தப் பெயரில் வந்தாலும், குஞ்சை விற்பவரே வளர்ந்த கோழியையும் அதிக விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று உறுதி தந்தால், அந்தக் கோழியைக் கடைசியில் தின்னப் போகிறவர் யார் என்று கேட்க வேண்டும். புதிய குஞ்சு வாங்குபவரைத் தவிர வேறு யாரும் அந்த வரிசையில் இல்லையென்றால் விலகிவிடுவதே நல்லது.

ஒப்பந்தப் பண்ணையைத் தேர்ந்தெடுப்பவர் ஷெட்டுக்குக் குழி எடுக்கும் முன், அதே நிறுவனத்துக்கு அதே மேற்பார்வையாளரின் கீழ் வளர்க்கும் மூன்று பண்ணையாளர்களிடம் கடந்த ஓராண்டுக் கணக்குச் சீட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். கிலோவுக்குக் கடைசியாகக் கையில் வந்த கூலி, குஞ்சு இறங்கிய தேதி, கோழி பிடித்த தேதி ஆகிய மூன்றும் அதில் இருக்கும். ஒரு பேட்ச் பிடித்த தேதிக்கும் அடுத்த குஞ்சு இறங்கிய தேதிக்கும் இடையிலான நாட்களைக் கூட்டினால் ஆண்டில் எத்தனை நாள் ஷெட் காலியாகக் கிடந்தது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை, 40 நாள் பேட்ச் ஆறு எடுத்தால் மிஞ்சும் 125ஐத் தாண்டினால், இடைவெளிக்கு ஒரு வரம்பும், வரம்பு மீறினால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.